அடித்த கையும் நிறுத்திய கையும்

சாவு மேளம் கேட்டால் எனக்குப் பசிக்கும். இன்றைக்கும்தான். பேருந்தில் போய்க்கொண்டிருப்பேன். எங்கோ ஓர் ஊர் முனையில் பாடை, பூ, வேட்டுச் சத்தம், நடுவில் பறை. பக்கத்தில் இருப்பவர் 'யாரோ பாவம்' என்பார். எனக்கு வாயில் எச்சில் ஊறும். இதை வெளியே சொல்ல ரொம்ப நாள் வெட்கப்பட்டிருக்கிறேன். வெட்கப்பட வேண்டியது நான்தானா என்று கேட்டுக்கொண்டபோது எழுதத் தோன்றியதுதான் இது.

காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. என் தாத்தா பறையடித்தவர். விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமத்தின் காலனி எங்களுடையது. ஊரில் சாவு விழுந்தால் எங்கள் வீட்டில் அன்றைக்கு நெல்லுச்சோறு. மற்ற நாளில் கேழ்வரகுக் கூழோ, ரேஷன் அரிசிக் கஞ்சியோ. தாத்தா இருட்டின பிறகு வருவார். கண் சிவந்திருக்கும், சாராய நெடி அடிக்கும். துண்டு முடிச்சில் அரிசியும் கொஞ்சம் சில்லறையும் இருக்கும். ஆயா அதை வாங்கி உலை வைக்கும். நான் தூங்காமல் உட்கார்ந்திருப்பேன். அஞ்சாறு வயசுப் பிள்ளைக்குச் செத்தது யார் என்பதா முக்கியம்? தூரத்தில் பறை கேட்டால் ராத்திரி சோறு உண்டு. என் காது அப்படித்தான் பாடம் படித்தது. ஒருவன் சாவு இன்னொருவன் சோறாக ஆக்கப்பட்டிருந்ததை அந்த வயசில் எனக்கு யாரும் விளக்கவில்லை. வயிற்றுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

தாத்தாவின் பறை வேப்பங்கட்டையால் ஆனது. வளைவான மூன்று துண்டுகளை இரும்புத் தகடு வைத்து இணைத்து வட்டமாக்கியிருக்கும். அதன்மேல் கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசை தடவி இழுத்து ஒட்டுவார்கள். வலது கையில் குட்டையான அடிக்குச்சி. இடது கையில் மூங்கிலில் சீவிய நீளமான சுண்டுகுச்சி. அடிக்கப் போகும் முன் ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொளுத்தித் தோலை அனலில் காட்டுவார். விரலால் சுண்டிப் பார்ப்பார். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் காட்டுவார். தோல் முறுகி 'ணங்' என்று பேசுகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். ஊரிலிருந்து வந்த ஆள் தெருமுனையில் நின்றுகொண்டு, 'இன்னாடா இன்னும் பண்ற, ஐயா வூட்டுல எல்லாரும் காத்துனு இருக்காங்க' என்று கத்துவான். தாத்தாவுக்கு அறுபது வயசு. கத்துகிறவனுக்கு இருபது இருக்கும். 'தோ வந்துட்டேன் ஆண்டை' என்பார். ஆனால் தோல் காயாமல் கிளம்ப மாட்டார். அவர் வாழ்க்கையில் ஊர்க்காரனைக் காக்க வைத்த நேரம் அது ஒன்றுதான்.

சாவில் அடிக்கிற அடி ஒன்றே ஒன்று என்று வெளியாட்கள் நினைப்பார்கள். பிணம் வீட்டில் கிடக்கும்போது ஓர் அடி. பெண்கள் மாரடித்து அழும்போது வேறு அடி. பாடை கிளம்பும்போது ஒன்று, வழியில் ஒன்று, சுடுகாட்டு எல்லையில் ஒன்று. நாங்கள் காலனியில் உட்கார்ந்தபடியே அடியைக் கேட்டுப் பிணம் எங்கே போகிறது என்று சொல்லிவிடுவோம். சாமிக்கு வேறு, மாடு விரட்ட வேறு. எல்லாம் தாத்தாவின் கையில் இருந்தது. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

அழுகிற வீட்டுக்குத் தாளம் கொடுத்தவர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாது. வெயிலில், தெருவோரத்தில், மாட்டுக் கொட்டகைப் பக்கம்தான் இடம். சோறு தனியாக இலையில் தள்ளிவிடப்படும். வாசித்துக்கொண்டே சுடுகாட்டுக்கு வழிகாட்டிப் போகிறவர், அதே தெருவில் மறுநாள் செருப்புப் போட்டு நடக்க முடியாது. இசைக்கு ஊரில் வழி உண்டு, இசைத்தவனுக்கு இல்லை.

* * *

எம்.ஏ. தமிழ் படிக்கப் போனேன். அங்கேயும் பறை வந்தது, புத்தகத்துக்குள். தொல்காப்பியம் கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைச் சொல்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட் பறை, நெய்தலுக்கு மீன்கோட் பறை என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை. பத்து மதிப்பெண் கேள்வி. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கு குடிகளைச் சொல்லி, இவையல்லாமல் வேறு குடி இல்லை என்கிறார். 'பறை' என்றாலே சொல்லுதல்தான். மலையாளத்தில் இன்றைக்கும் 'பறயுக' என்றால் பேசுவது, சொல்வது. வகுப்பெடுத்த ஆசிரியர் இதையெல்லாம் உருகி உருகிச் சொன்னார். 'தமிழனின் ஆதி இசைக்கருவி பறை' என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டார். நானும் குறிப்பெடுத்தேன். என் தாத்தாவின் பெயர் அதில் வரவில்லை என்று அப்போது உறைக்கவில்லை.

அந்த வருசம் ஆண்டு விழா வந்தது. கிராமிய நிகழ்ச்சி ஒன்று வைக்க வேண்டும் என்றார்கள். அதே ஆசிரியர் வகுப்பில் முப்பது பேருக்கு முன்னால் என்னைப் பார்த்து, 'பறைக்கு ஆள் வேணும், நீ அடிப்ப இல்ல?' என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்டார் என்று சொல்ல மாட்டேன். நான் பறையடித்து அவர் பார்த்ததில்லை. என் ஊரையும் உதவித்தொகைப் படிவத்தையும்தான் பார்த்திருந்தார். 'எனக்குத் தெரியாது சார்' என்றேன். 'உனக்கே தெரியாதா?' என்றார். சிரிப்பு கிளம்பியது.

நான் பொய் சொல்லவில்லை. என் கைக்குத் தெரியாது. காதுக்கு மட்டும் எல்லா அடியும் தெரியும். ஏன் கைக்குத் தெரியாமல் போனது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை அந்த வகுப்பில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கரும்பலகையில் எழுதிய 'தமிழன்' யார், 'நீ அடிப்ப இல்ல' என்று கேட்கப்பட்ட நான் யார் என்று மட்டும் யோசித்துக்கொண்டே விடுதிக்குப் போனேன்.

* * *

பறையை என்ன செய்வது என்ற கேள்விக்கு முன்னால், அதிலிருந்து வந்த பெயரை என்ன செய்வது என்ற கேள்வி நம்மிடம் இருந்தது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லால் அவமானப்படுத்துகிறாயோ அதையே முகப்பில் போட்டு உன் முன்னால் வைக்கிறேன் என்பது அவர் நிலை. அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. அது எதிரிகள் சுமத்திய இழிபெயர், நாம் சாதிபேதமற்றவர்கள் என்றார். 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகை 'ஒரு பைசாத் தமிழன்'. 1922இல் எம்.சி. ராஜா போன்றவர்களின் முயற்சியால் சென்னை மாகாண அரசு பழைய பெயர்களை விட்டு 'ஆதிதிராவிடர்' என்று எழுத ஒப்புக்கொண்டது. ஆங்கில அகராதியிலோ அந்தச் சொல் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு மேளத்தின் பெயர் அந்தப் பொருளுக்குப் போய்ச் சேர்ந்ததுதான் நம் வரலாறு.

தூக்கிப் பிடிப்பதா, தூக்கி எறிவதா? சீனிவாசனும் பண்டிதரும் உறவினர்கள். ஒரே வலியிலிருந்து இரண்டு வழிக்குப் போனார்கள். இதில் யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்வது எனக்கு வேலையில்லை. நூறு வருசத்துக்கு அப்புறம் எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தாவும் அப்பாவும் இதே சண்டையைப் போட்டார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் இருவருக்கும் இந்தப் பத்திரிகைகளின் பெயர்கூடத் தெரியாது.

அதற்கு முன்னால் இன்னொரு செய்தி. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது, முடி வெட்டிக்கொள்ளக்கூடாது. பெண்கள் மேல்துணி போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை, செருப்புக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகின. அந்தப் புதிய பட்டியலில் ஒன்று: ஆதிதிராவிடர்களும் தேவேந்திரகுல வேளாளர்களும் தங்கள் கல்யாணத்திலும் மற்ற விசேசங்களிலும் மேளம் வைக்கக்கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இதை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சட்டை, செருப்பு, குடை புரிகிறது. மேளம் எதற்கு? அடுத்தவன் சாவுக்கு நீ மேளம் அடித்தே தீர வேண்டும். உன் கல்யாணத்துக்கு உனக்கு மேளம் கூடாது. இந்த இரண்டு கட்டளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பறையை இழிவென்று ஒதுக்கினார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் இசையை இழிவாக நினைக்கவில்லை. இசை என்பது மதிப்பு என்று நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் எவனுக்கு, எப்போது, எந்தத் தெருவில் மேளம் என்பதைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். ஒடுக்குமுறை தோலில் இல்லை. 'அடி' என்கிற கட்டளையிலும் 'அடிக்காதே' என்கிற கட்டளையிலும் இருந்தது.

* * *

தோலைத்தான் தீட்டு என்கிறார்கள் என்றால், மிருதங்கத்தில் இருப்பது என்ன? மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும்தானே? அந்தத் தோலைப் பதம் பார்த்து மிருதங்கம் செய்து கொடுக்கும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய நூல் 2020இல்தான் வந்தது. அதுவரை மேடையில் வாசித்தவர் பெயர் தெரியும், வாத்தியத்தை ஆக்கிக் கொடுத்தவர் பெயர் தெரியாது. மாடு ஒன்று, தோல் ஒன்று. அகாடமி மேடைக்குப் போனால் தெய்வீகம், எங்கள் தெருவில் இருந்தால் தீட்டு.

சென்னை மியூசிக் அகாடமி 1927 காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து உருவாகி 1928இல் தொடங்கப்பட்டது. அதன் மேடைகளில் தெலுங்கும் சமஸ்கிருதமும் கோலோச்சுவதை எதிர்த்துத் தமிழிசை இயக்கம் வந்தது. ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் ஆதரவில் 1943இல் தமிழிசைச் சங்கம் பிறந்தது. அதற்கெல்லாம் முன்பே 1917இல் தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை எழுதித் தமிழ்ப் பண்களின் கணக்கை நிறுவியிருந்தார். நல்லது. இவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 'எந்த மொழியில் பாடுவது' என்று நடந்த அத்தனை பெரிய சண்டையில், 'எவன் வாசிப்பது, எவன் எங்கே உட்காருவது' என்ற கேள்வி எழவே இல்லை. பாட்டின் மொழி மாறினால் போதும், பறை சுடுகாட்டு வழியிலேயே இருக்கட்டும் என்பதுதானே இதற்குப் பொருள்? தமிழனின் ஆதி இசைக்கருவி தமிழிசை மேடைக்கு வெளியே நின்றது.

எங்கள் காலனிக் கல்யாணத்துக்கு நாகசுரக்காரர்கள் வர மாட்டார்கள். அப்பா கல்யாணத்துக்கு வந்தது ரேடியோ செட்டுதான். குழாய் ஒலிபெருக்கியை வேப்பமரத்தில் கட்டி இளையராஜா பாட்டு போட்டார்களாம். 'அன்னக்கிளி' வந்தது 1976இல். அப்போது அப்பா சிறுவன். அந்தப் பாட்டைத்தான் தன் கல்யாணத்துக்கு முதல் தட்டாகப் போடச் சொன்னதாக அப்பா சொல்வார். பண்ணைப்புரத்திலிருந்து, கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடிய அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த ஒருவரின் இசை அது. இளையராஜா தன்னை எந்த அடையாளத்துக்குள்ளும் வைத்துப் பேச விரும்பாதவர். அது அவர் உரிமை. ஆனால் எங்கள் தெருவில் அவர் பாட்டு வேறொரு வேலை செய்தது. ஊர்த்தெருவுக்குள் நாங்கள் மேளத்தோடு போக முடியாது, பாட்டு போகும். குழாயை ஊர்ப்பக்கம் திருப்பி வைத்ததற்காக அன்றைக்கே பஞ்சாயத்து கூடியதாம். 'கொழாய உங்க பக்கம் திருப்பி வச்சிக்கங்கடா' என்றார்களாம். 1931இல் மேளத்துக்குப் போட்ட தடை ஐம்பது வருசம் கழித்து ஒலிபெருக்கிக்குப் போடப்பட்டது. திருப்பி வைத்தார்கள். காற்று அன்றைக்கு ஊர்ப்பக்கம் அடித்தது என்று சொல்லிவிட்டு அப்பா சிரிப்பார். எனக்கு 'அன்னக்கிளி' பாட்டு கேட்டால் நினைவுக்கு வருவது காதல் அல்ல. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கத் தோன்றும்.

* * *

1997 தை மாதம். எனக்கு எட்டு வயசு. அம்பேத்கர் நூற்றாண்டு சமயத்தில் காலனிப் பையன்கள் ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். ஓலைக் கொட்டகை, சுவரில் கோட்டு போட்ட அம்பேத்கர். அப்பா அதில் ஒருவர். இனிமேல் ஊர்ச் சாவுக்குப் பறையடிப்பதில்லை, செத்த மாடு தூக்குவதில்லை, சேதி சொல்லப் போவதில்லை என்று மன்றத்தில் முடிவெடுத்தார்கள். தென்னார்க்காட்டுக்கு இது புதுசு இல்லை. இளையபெருமாள் போன்றவர்கள் இழிதொழில் மறுப்பை முன்வைத்துப் பாடுபட்ட மண் இது. ஆனால் ஒவ்வொரு காலனியும் அந்த முடிவைத் தானே தனியாக எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு காலனியும் அதற்கான விலையைத் தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

முடிவெடுத்த பத்தாம் நாள் ஊரில் பெரிய வீட்டில் சாவு. தெருமுனையில் ஆள் வந்து நின்றான். தாத்தா வழக்கம்போல ஆணியில் மாட்டியிருந்த பறையை எடுத்தார். அப்பா வாசலில் குறுக்கே நின்றார்.

'வேணாம் நைனா. போவக்கூடாதுன்னு பேசி முடிச்சிட்டோம்.'

'நீங்க பேசிட்டீங்க. என்னைக் கேட்டீங்களா? செத்துக் கெடக்கறவன் என் வயசுக்காரன்டா. அழுவறதுக்குத் தாளம் வேணாமா?'

'அவங்க அழுதா அவங்களே அடிச்சிக்கட்டும்.'

'கை என்னுதுடா.'

'கை உன்னுதுதான். கூப்பிடறவன் வாய் யாருது?'

இந்தக் கேள்விக்குத் தாத்தாவிடம் பதில் இல்லை. அப்பா பறையைப் பிடுங்கினார். மூலையில் கிடந்த கதிரறுவாளால் தோலைக் குறுக்கே கிழித்தார். அப்போது ஒரு சத்தம் வந்தது. அது எந்த அடியிலும் சேராத சத்தம். நான் ஆயா முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேன். தாத்தா கத்தவில்லை. கிழிந்த தோலைக் கட்டையிலிருந்து மெதுவாக உரித்தார், புண்ணிலிருந்து துணியை எடுக்கிற மாதிரி. தோலைச் சுருட்டிக் கூரையில் செருகினார். கட்டையைக் கீழே வைத்தார். பிறகு வெளியே போய்த் தெருமுனையில் நின்றவனிடம், 'பறை கிழிஞ்சிப் போச்சி ஆண்டை' என்றார். முடிவெடுத்தோம் என்று சொல்லவில்லை. மகனைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி சோறில்லை.

அன்றைக்கு மட்டுமா? ஐந்து மாதம். ஊரில் கூலி வேலைக்குக் கூப்பிடவில்லை. கடையில் சாமான் இல்லை. ஊர் நிலத்து வரப்பில் மாடு கால் வைக்கக்கூடாது, ஆள் ஒதுங்கக்கூடாது. அப்பாவையும் இன்னும் இரண்டு பேரையும் சந்தைக்குப் போகிற வழியில் மறித்து அடித்தார்கள். அப்பாவின் இடது முழங்கை இன்றுவரை முழுசாக நீளாது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இல் வந்ததும், 1976இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாகித் தீண்டாமையின் பேரில் இழிவேலை செய்யக் கட்டாயப்படுத்துவதே குற்றம் ஆனதும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்ததும் எனக்குப் பின்னால் படித்துத் தெரிந்தவை. அந்த ஐந்து மாதத்தில் எந்தச் சட்டமும் எங்கள் தெருமுனைக்கு வரவில்லை. பெண்கள் விடிகாலையில் எட்டு மைல் நடந்து வேறு ஊருக்குக் களையெடுக்கப் போனார்கள். அந்தக் கூலியில்தான் காலனி உயிரோடு இருந்தது. மறுப்பு வரலாற்றை எழுதுகிறவர்கள் அறுவாள் எடுத்த அப்பாக்களைத்தான் எழுதுவார்கள். நடந்து போன பெண்களையும் எழுத வேண்டும். என் ஆயா அதில் ஒருத்தி.

ஆறாவது மாதம் ஊர் அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் இறங்கி வந்தது. பறைக்கு வேறு ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். அவர்களும் நம்மவர்கள்தான். அது இன்னொரு சோகம்.

தோல் இல்லாத அந்தக் கட்டையை ஆயா வீணாக்கவில்லை. அரிசிப் பானை உருளாமல் நிற்க அடியில் வைத்துக்கொண்டது, பிரிமணை மாதிரி. சரியான அளவாக இருந்தது. தாத்தா அதற்கப்புறம் பன்னிரண்டு வருசம் இருந்தார். பறையைத் தொடவில்லை. ஆனால் சாயங்காலம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தால் அவர் விரல்கள் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். வலது கையில் கனமான அடி, இடது கையில் சுண்டல். அப்பா பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். என் காதில் இருக்கிற அடிகளெல்லாம் அந்தக் கட்டில் சட்டத்திலிருந்து வந்தவை. நிறுத்தியதில் எங்களுக்கு மானம் வந்தது. நான் படித்தேன். ஆனால் தாத்தா ஒன்றை இழந்தார். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கிற வரலாறு எனக்கு வேண்டாம்.

* * *

எங்கள் வீட்டில் பறை கிழிந்த அதே பத்தாண்டில் வேறு இடங்களில் பறை எழுந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டார் இசையை வழிபாட்டுக்குள்ளேயே கொண்டு வந்தார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை எடுத்தார்கள். ஆண் தொட்டாலே தீட்டு என்ற கருவியைப் பெண் தொட்டது இரட்டைக் கலகம். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதல்முறையாக மேடையேறியது. கானாவும் ராப்பும் பறையும் ஒன்றாக ஒலித்தன. பெயரை அயோத்திதாசரின் 'சாதியற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்திருந்தார்கள். பண்டிதர் எறியச் சொன்ன பெயரும், அவர் கொடுத்த பெயரும் ஒரே மேடையில். நூறு வருசச் சண்டைக்கு ஒரு பதில் மாதிரி இருந்தது.

நானும் இந்த மேடைகளுக்காக ஓடியிருக்கிறேன். துண்டறிக்கை ஒட்டியிருக்கிறேன். கூட்டத்தில் நின்று கை வலிக்கத் தட்டியிருக்கிறேன். எனவே இப்போது சொல்லப் போவதை எதிர்ப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2017 ஜனவரியில் மெரினாவில் சல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டத்தில் பறை ஒலித்தது, 'தமிழர் இசை'யாக. இன்றைக்குக் கல்லூரிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பறை கற்கிறார்கள். சந்தோசம். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர், ஊர்களில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுத வேண்டியிருந்தது. 2025இல் மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசை ஆசான் வேலு அவர்களுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்தபோது நான் அழுதேன். ஆனால் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் இருப்பது மூன்றே வருசம். ஒரு கை விருது வாங்குகிறது. இன்னொரு கை 'இனிமேல் இவனை அடிக்கச் சொல்லாதே' என்று அரசாங்கம் கடிதம் எழுதுகிற நிலையில் இருந்தது. இரண்டும் ஒரே தெருவின் கைகள்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு கலைவிழா. அப்பாவை வற்புறுத்திக் கூட்டிப் போனேன். கல்லூரிப் பிள்ளைகள் கறுப்புச் சட்டை போட்டு, சலங்கை கட்டி, ஆடி ஆடி அடித்தார்கள். அருமையான ஆட்டம். 'ஆதித்தமிழன் இசை' என்று அறிவிப்பாளர் மூன்று முறை சொன்னார். இதை அடிக்க மாட்டேன் என்று சொல்லி ஊரை எதிர்த்து நின்றவர்கள் இருந்தார்கள் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அப்பா நீளாத கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் பார்த்தார். வெளியே வந்து டீக்கடையில் நின்றோம்.

'நல்லா அடிக்கிறாங்க' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, 'நைனா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு' என்றார். டீ முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டார்:

'இவங்க நாளைக்கு அடிக்க மாட்டேன்னு சொன்னா, யாராவது இவங்கள அடிப்பாங்களா?'

எம்.ஏ. படித்தும் எனக்குக் கிடைக்காத இலக்கணம் அந்தக் கேள்வியில் இருந்தது. கலை எது, அடிமைத்தொழில் எது என்பதைத் தாளமும் தோலும் தீர்மானிப்பதில்லை. 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிற இடத்தில் பறை கலை. சொல்ல முடியாத இடத்தில் அதே அடி, அதே கை, அடிமைத்தொழில். தாத்தாவின் கையில் முழுக் கலையும் இருந்தது. மறுக்கும் உரிமை மட்டும் இல்லை. அந்த உரிமையை அப்பா அறுவாளால் வாங்கினார், ஆயா எட்டு மைல் நடந்து வாங்கியது. இன்றைக்கு மேடையில் பறை எடுக்கிற எந்தப் பிள்ளையும் அவர்கள் வாங்கிக் கொடுத்த மேடையில்தான் நிற்கிறது. பறையை ஒதுக்கியவர்கள் கலை தெரியாதவர்கள், நாங்கள்தான் மீட்டோம் என்று பேசுகிற தோழர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். நிறுத்தாமல் மீட்டிருக்க முடியாது.

தோழர்களே, பறையை மேடையேற்றுங்கள். எல்லோரும் கற்கட்டும். ஆனால் 'தமிழர் இசை' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டுப் போகாதீர்கள். சொல்லுதல்தான் பறை என்றால், முழுசாகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேப்பங்கட்டை இன்னும் இருக்கிறது, அரிசிப் பானைக்கு அடியில். புதுத்தோல் போட்டுத் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். 'அது அப்படியே இருக்கட்டும்' என்றார் அப்பா. இருக்கட்டும். அடுத்த முறை நீங்கள் விழா வைக்கும்போது சொல்லுங்கள், நானே எடுத்து வருகிறேன். காய்ச்சி முறுக்கேற்றிய உங்கள் பறைகளுக்குப் பக்கத்தில் தோல் கிழிக்கப்பட்ட இந்தக் கட்டையையும் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

பானையை ஒரு ராத்திரிக்குச் சுவரில் சாய்த்து வைத்துக்கொள்கிறோம். அதில் இப்போது அரிசி இருக்கிறது. யாரும் சாக வேண்டியதில்லை.